ஹப்போன்: ஒரு நாட்டின் பெயரைச் சுமக்கும் குடும்பங்கள்

ஸ்பெயினின் தெற்கே, செவிய்யா நகரிலிருந்து குவாதல்கிவீர் ஆற்றோடு கீழ்நோக்கிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் போனால் கோரியா தெல் ரியோ என்ற ஊர் வரும். சுமார் 30,000 பேர் வாழும் சாதாரண ஆற்றங்கரை ஊர். அங்கே 600, 700 பேருக்குக் குடும்பப் பெயர் ஹப்போன். ஸ்பானிய மொழியில் ஹப்போன் என்றால் யப்பான். ஸ்பெயினின் ஏனைய பகுதிகளில் இந்தப் பெயரைக் காண்பது அரிது. கார்சியா, பெர்னாண்டஸ், ரொட்றிகஸ் என்று மலிந்து கிடக்கும் பெயர்களுக்கு நடுவே உலகத்தின் மறுகோடியிலுள்ள ஒரு நாட்டின் பெயர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

குடும்பப் பெயர் என்றொரு வழக்கம் எமக்கு இருந்ததில்லை. தகப்பன் பெயரை முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாம். ஐரோப்பாவிலோ கனடாவிலோ வந்திறங்கி அகதி விண்ணப்பத்தை நிரப்பிய அன்று, யாரோ ஓர் எழுதுவினைஞர் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலே எம்மில் பலருடைய பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பெயராகி விட்டது. ஒரே வீட்டில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பதைப் பாடசாலைகளுக்கு விளக்கி விளக்கிக் களைத்தும் போனோம். ஆகவே கோரியாவின் கதை எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

1613 ஒக்டோபர் 28ஆம் நாள் யப்பானின் வடகிழக்குக் கரையிலுள்ள சுகினோஉரா துறையிலிருந்து சான் ஹுவான் பவுத்திஸ்தா என்ற கப்பல் புறப்பட்டது. அனுப்பியவர் செண்டாய்ப் பிரதேசத்தின் பிரபு டாத்தே மசமுனே. தூதுக்குழுவின் தலைவர் ஹசெகுரா சுனெனாகா என்ற சாமுராய். கூடப் போனவர் செவிய்யாவில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி லூயிஸ் சொத்தேலோ. மெக்சிக்கோவுடன் நேரடி வணிகம் வேண்டும் என்பது பிரபுவின் விருப்பம். யப்பானுக்கு மேலும் பாதிரிமார் வேண்டும் என்பது துறவியின் விருப்பம். கப்பலில் ஏறியவர்கள் சுமார் 180 பேர். பசிபிக்கைக் கடந்து அக்கபுல்கோ, அங்கிருந்து தரைமார்க்கமாக வெரக்குரூஸ், பின்னர் ஹவானா, அத்திலாந்திக் என்று ஒரு வருடப் பயணம். பெரும்பாலானோர் மெக்சிக்கோவோடு நின்றுவிட, 1614 ஒக்டோபரில் ஸ்பெயினை அடைந்தவர்கள் முப்பது பேரளவில்தான். நகரம் வரவேற்புக்கு ஆயத்தமாகும் வரை அவர்கள் தங்கவைக்கப்பட்ட இடமே கோரியா.

வரவேற்பு பலமாகத்தான் இருந்தது. 1615 ஜனவரி 30இல் மூன்றாம் பிலிப் மன்னன் ஹசெகுராவுக்குப் பேட்டி கொடுத்தான். பெப்ரவரியில், மன்னன் முன்னிலையில், ஹசெகுரா ஞானஸ்நானம் பெற்று பெலிப்பே பிரான்சிஸ்கோ ஆனார். நவம்பரில் ரோமில் பாப்பரசர் ஐந்தாம் பவுலைக் கண்டார். இந்த மூன்றாம் பிலிப் அப்போது போர்த்துக்கலுக்கும் மன்னன். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் விழுங்கியதும், சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் இதே முடியின் பெயரால்தான். பெர்னாண்டோ, பெரேரா, சில்வா என்ற பெயர்கள் எமது கரையோரங்களுக்கு வந்ததும் ஞானஸ்நானத் தொட்டியின் வழியாகவே.

ஆனால் தூது தோற்றது. கப்பல் புறப்பட்டு ஏறக்குறைய மூன்று மாதங்களில், 1614இன் தொடக்கத்தில், யப்பானிய ஆட்சி கிறிஸ்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது. அந்தச் செய்தி மெல்ல மெல்ல ஸ்பெயினுக்கு வந்து சேரச் சேர, ராஜ உபசாரம் சலிப்பாக மாறியது. வணிக உடன்படிக்கை கிடைக்கவில்லை. விருந்தாளிகளின் செலவு அரசுக்குச் சுமையாயிற்று. எப்போது போகப் போகிறார்கள் என்பதே கேள்வியாயிற்று. (இந்தக் கேள்வியின் தொனி எமது வாசகர்களுக்குத் தெரியும்.) 1617இல் ஹசெகுரா மிகச் சிலரோடு செவிய்யாவிலிருந்து கப்பலேறினார். 1620இல் ஊர் திரும்பி, 1622இல் இறந்தார். 1624இல் சொத்தேலோ யப்பானில் உயிரோடு எரிக்கப்பட்டார். வீட்டில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்ற குற்றத்துக்காக 1640இல் ஹசெகுராவின் மகனும் கொல்லப்பட்டார்.

திரும்பாமல் நின்றுவிட்ட ஒரு சிலர் பற்றித்தான் நாம் பேசவேண்டும். அவர்கள் ஏன் நின்றார்கள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. புதிய மதத்தில் உண்மையான பற்றாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், ஒரு பெண்ணாக இருக்கலாம், கையில் காசில்லாமையாக இருக்கலாம். தொடக்கத்தில் சில வருடங்கள் மட்டும் என்று நினைத்தும் இருக்கலாம். ஆனால் 1635இல் யப்பானிய ஆட்சி இன்னொரு கட்டளை போட்டது: எந்த யப்பானியரும் வெளிநாடு போகக்கூடாது, வெளியே இருப்பவர் திரும்பி வந்தால் மரணதண்டனை. இருநூறு வருடங்களுக்கு மேல் அந்தக் கதவு திறக்கவில்லை. அதுவரை அவர்கள் ஊருக்குப் போகாதவர்கள். அதன்பின் போகமுடியாதவர்கள்.

நின்றவர்களின் வாழ்வு எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சிறு துண்டு சாட்சியம் கிடைத்திருக்கிறது. தோமாஸ் பெலிப்பே என்ற ஞானஸ்நானப் பெயர் கொண்ட ஒருவர், தூதுக்குழுவோடு வந்தவர், சாப்ரா என்ற ஊரில் ஒரு பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிரபு அவரை அடிமையாக்கிச் சூடும் போட்டுவிட்டான். தன்னை விடுவித்து ஊருக்கு அனுப்பும்படி 1622இல் அவர் மன்னனுக்கு விண்ணப்பித்தார். வாளோடு அரசவைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர், எட்டு வருடங்களில் ஒரு மனுவை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

யப்பானியப் பெயர்கள் ஸ்பானியர் வாயில் நுழையவில்லை. ஞானஸ்நானத்தில் மார்ட்டின், தோமாஸ் என்று ஒன்று கிடைத்தது. ஆனால் ஊரில் அப்படி எத்தனையோ பேர். எனவே அடையாளத்துக்கு வந்த இடத்தைச் சேர்த்தார்கள்: யப்பானிலிருந்து வந்த இன்னார். பிறகு 'இலிருந்து' உதிர்ந்தது. ஹப்போன் மட்டும் நின்றது. அந்த மனிதர்கள் தமது நாட்டை அப்படி அழைத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அது நிஹோன், நிப்போன். அவர்களுடைய சொந்தக் குலப்பெயர் ஒன்றுகூடக் கோரியாவில் மிஞ்சவில்லை. மிஞ்சியது, அயலவர் தமது வாய்க்கு ஏற்றபடி வைத்த பெயர்.

கோரியாவின் தேவாலயப் பதிவேடுகளில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பெயர் தொடர்ந்து தென்படுகிறது. 1667இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தையின் தகப்பன் பெயர் மார்ட்டின் ரொட்றிகஸ் ஹப்போன். தாய்வழியில் தானும் ஹப்போனாகிய விர்ஹினியோ கார்வஹால் ஹப்போன் போன்ற உள்ளூர் ஆய்வாளர்கள் இவற்றைத் துருவியெடுத்தார்கள். ஆனால் தூதுக்குழு வந்த காலத்துக்கும் இந்தக் குழந்தைக்கும் இடையிலான பதிவேடுகள் காணாமற் போய்விட்டன. ஆகவே இன்ன சாமுராயின் பேரன் இன்னார் என்று ஏடு காட்டி நிறுவ வழியில்லை. இடமும் காலமும் பெயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. வேறொரு விளக்கம் இவ்வளவு பொருந்துவதாக எமக்குத் தெரியவில்லை.

பிறந்த குழந்தைகளின் முதுகடியில் நீல மறு இருக்கிறதென்பதும், அந்தப் பக்கத்து நெல் வேளாண்மை சாமுராய்கள் கொண்டுவந்தது என்பதும் அடிக்கடி சொல்லப்படுகின்றன. அப்படியான மறு உலகின் பல இனங்களிலும் உண்டு. குவாதல்கிவீர்ச் சதுப்பின் பெரிய நெல்வயல்களோ 20ஆம் நூற்றாண்டில் உருவானவை. வேர் தேடும் ஆசை இப்படியெல்லாம் சோடிக்கச் சொல்லும். எமது ஊர்ப் பெயர்களுக்குச் சிலர் சொல்லும் விளக்கங்களைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

நெடுங்காலம் ஊரவர்க்கு ஹப்போன் மற்றொரு பெயர், அவ்வளவுதான். 20ஆம் நூற்றாண்டின் கடைசியிலேதான் அது பேசுபொருளானது. 1992இல் ஆற்றங்கரையில் ஹசெகுராவுக்குச் சிலை வந்தது. 2013இல், தூது புறப்பட்ட நானூறாவது ஆண்டில், அன்றைய முடிக்குரிய இளவரசர் நருஹித்தோ வந்து ஒரு செரி மரம் நட்டார். 2019இல் அவர் பேரரசரானார். 1635இன் கட்டளைப்படி தலை போகவேண்டியவர்களின் வழித்தோன்றல்களை, அரச குடும்பமே தேடிவந்தது.

ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் தகப்பனுடையது, அடுத்து தாயுடையது. 1990களில் ஸ்பெயினின் முதற்பிரிவுக் காற்பந்தாட்டங்களில் நடுவராயிருந்த கோரியாக்காரர் ஒருவரின் முழுப்பெயர் ஹொசே ஹப்போன் செவிய்யா. யப்பானும் செவிய்யாவும் ஒரே அடையாள அட்டையில். இந்த முறையில் மகள்மாரின் பெயர் பிள்ளைகளுக்கு இரண்டாமிடத்தில் போய், பேரப்பிள்ளைகளோடு பெரும்பாலும் மறைந்துவிடும். 1999ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் பெயரை முன்னால் வைக்கவும் இடமளித்தது. 2017இலிருந்து தகப்பன் பெயருக்கென்று தனி முன்னுரிமை இல்லை. கோரியாவில் ஒரு பெண் தன் பிள்ளையைப் பதியப் போகும்போது, ஹப்போன் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதைப் பெற்றோர் இருவரும் பேசி முடிவெடுத்து, படிவத்தில் தாமே எழுதிக் கொடுக்கிறார்கள்.