ஹேண்டிகேப் (கோல்ஃப்)

கோல்ஃப் ஆட்டக்காரரின் திறமையை எண்ணால் குறிப்பது ஹேண்டிகேப். எண் சிறியதாக இருந்தால் ஆள் கெட்டிக்காரர். 5 உள்ளவரோடு 20 உள்ளவர் மோதும்போது பின்னவருக்கு ஏறத்தாழ 15 ஸ்ட்ரோக் (அடி) சலுகை கிடைப்பதால்தான் ஆட்டம் சமமாகிறது. வேலை முடிந்த மாலைகளில் ஒன்பது குழி ஆடும் அமெரிக்க லீகுகள் இந்தச் சலுகையை நம்பித்தான் ஓடுகின்றன. இத்தனைக்கும் அந்த எண் உருவாவது ஆட்டக்காரர் தாமே பதிந்துவைக்கும் ஸ்கோர்களிலிருந்து. சாதாரண ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. உடன் ஆடியவர்கள்தான் சாட்சி.

முன்பு உலகில் ஆறு வெவ்வேறு ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அவற்றை ஒன்றாக்கி, 2020-இல் உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தன. மைதானம் எவ்வளவு கடினம் என்பதும் இதில் கணக்கில் சேரும். கோர்ஸ் ரேட்டிங் (கைதேர்ந்தவரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) 71.2, ஸ்லோப் (மற்றவர்களுக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) 125 உள்ள மைதானத்தில் ஒருவர் 90 அடித்தால், 90-இல் 71.2 போக மீதி 18.8. அதைச் சராசரி ஸ்லோப்பான 113-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 17.0. இப்படிக் கிடைக்கும் கடைசி 20 விடைகளில் மிகச் சிறந்த 8-இன் சராசரியே ஹேண்டிகேப் இண்டெக்ஸ், உச்சவரம்பு 54.0.

எட்டை மட்டும் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மோசமான ஸ்கோர் ஒன்றை வேண்டுமென்றே ஏற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது எண்ணப்படாத 12-இல் போய் விழும். நல்ல ஸ்கோரை மறைத்தால்தான் எண் ஏறும். சனிக்கிழமை நண்பர்களோடு 79 அடித்தவர் அட்டையைப் பைக்குள் செருகிவிட்டு, மறுநாள் அடித்த 91-ஐ மட்டும் கைபேசியில் பதிவார். புதிய ஸ்கோர்கள் ஏற ஏறப் பழைய நல்ல ஸ்கோர்கள் 20-க்கு வெளியே தள்ளப்பட, எண் மெல்ல ஊதும். இத்தகையவரை அமெரிக்காவில் சாண்ட்பேக்கர் என்பார்கள், பிரிட்டனில் பேண்டிட் என்பார்கள்.

1955-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், டீப்டேல் கிளப்பில் நடந்தது இதில் பேர்போன மோசடி. அணிகளை ஏலம் விட்டுப் பணம் கட்டும் கல்கத்தா வகைப் பந்தயம் அது. 17, 18 என்று எண் காட்டி வென்ற இருவரும் உண்மையில் 3 ஹேண்டிகேப் ஆட்டக்காரர்கள். ஏலப் பணத்தில் அந்த அணிக்கு விழுந்த பங்கு சுமார் 16,000 டாலர். விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் கல்கத்தா பந்தயங்களைக் கண்டித்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், தொழில்முறை ஆட்டக்காரரும் அமெச்சூரும் ஜோடி சேரும் பெப்பிள் பீச் புரோ-ஆம் போட்டியில் ஜப்பானியத் தொழிலதிபர் மசாஷி யமடா 15 என்ற எண்ணோடு இறங்கி ஜோடிப் பிரிவை வென்றார். சொந்த நாட்டில் அவருடைய எண் 6 என்று பிறகு தெரியவர, அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது.

விதிகளும் இறுகித்தான் வந்திருக்கின்றன. ஒரு குழியில் எத்தனை அடித்தாலும், பாருக்கு (அந்தக் குழிக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) மேல் இரண்டும் அந்தக் குழிக்குரிய சலுகை ஸ்ட்ரோக்குகளும் சேர்ந்த தொகைக்கு மேல் ஹேண்டிகேப் கணக்கில் ஏறாது. நல்ல ஸ்கோர் வரும்போல் தெரிந்ததும் பாதியில் நழுவுவது பழைய தந்திரம். 2024 முதல் 10 குழி ஆடியிருந்தாலே அது 18 குழி ஸ்கோராகிவிடும், மீதிக்கு எதிர்பார்ப்பு ஸ்கோரைக் கணினியே போட்டுக்கொள்ளும். அமெரிக்காவில் 2016 முதல் தனியாக ஆடிய ஆட்டம் செல்லாது. இண்டெக்ஸைவிட 7 ஸ்ட்ரோக் சிறப்பாக ஆடினால் இண்டெக்ஸிலிருந்து கூடுதலாக ஒன்றும், 10 சிறப்பாக ஆடினால் இரண்டும் வெட்டப்படும். ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணிலிருந்து 5-க்கு மேல் ஏறவும் முடியாது.

இவ்வளவு இருந்தும், பைக்குள் போன அட்டையை எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்காது. அன்று யார் யார் ஆடினார்கள் என்ற பட்டியலையும் பதிவான ஸ்கோர்களையும் லீக் செயலாளர் அருகருகே வைத்துப் பார்ப்பதே இன்றும் பலனுள்ள வழி. விடுபட்ட ஆட்டத்துக்குக் கமிட்டி தண்டனை ஸ்கோர் ஏற்றலாம். அடங்காதவரின் இண்டெக்ஸையே பறிக்கலாம்.

எதிர்த்திசைக்காரர்களும் உண்டு. சொதப்பிய ஆட்டங்களை மறந்துவிட்டு நல்லதை மட்டும் பதிந்து, 15 இருக்கவேண்டிய இடத்தில் 9 என்று சொல்லித் திரிபவர்கள். பந்தயத்தில் தோற்றுக்கொண்டே இருப்பதால் எதிராளிகள் இவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. லீகில் ஜோடியாக மாட்டிக்கொண்டவர்தான் கமிட்டியிடம் போவார்.