ஒரத்துப்பாளையம்: குளம் செரிக்காத உப்பு

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார், பள்ளம் கண்ட இடங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனை வேண்டுகிறார். நீரைத் தேக்கியவர் பெயரே நிலைக்கும் என்பது அவர் வாதம். கொங்கு நாட்டில் இவ்வாதத்துக்கு நொய்யல் சான்றாக நிற்கிறது. வெள்ளியங்கிரி மலைகளில் பிறந்து, பேரூரில் காஞ்சிமாநதி என்று போற்றப்பட்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் இவ்வாறு, மழைக்காலத்தில் பெருகி மற்ற நாள்களில் மெலிவது. பெருகும் நீரை மறித்து, வாய்க்கால் வெட்டி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் எனக் குளம் குளமாக நிரப்பி வைத்தனர் முன்னோர்.

கோவை வளர வளர இக்குளங்களில் மழைநீரோடு சாக்கடையும் சேர்ந்தது. சாக்கடையைக் குளத்தில் தேக்குவது என்றாலே நமக்கு அருவருப்பு உண்டாகிறது. ஆயினும் முறையாக வெட்டிய குட்டையில் அதுவே ஒரு சுத்திகரிப்பு முறை. அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரம் 1901லேயே இதைக் கையாண்டது. இந்தியாவில், நாக்பூரில் 1958இல் தொடங்கப்பட்டுப் பின்னாளில் ‘நீரி’ எனப் பெயர் மாறிய ஆராய்ச்சி நிறுவனம், இத்தகைய குட்டைகளை வடிவமைப்பது குறித்து 1970இல் ஒரு நூலே வெளியிட்டது.

இதன் இயக்கம் எளிது. முதற் குட்டை ஆழமானது. கசடு அதன் அடியில் படிந்து, காற்றில்லாமலே மட்குகிறது. அடுத்த குட்டை ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவு. அங்கே வெயிலில் வளரும் பாசி உயிர்வளியை வெளியிட, அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் எஞ்சிய அழுக்கைத் தின்கின்றன. கடைசிக் குட்டையில் நாள்கணக்கில் நிற்கும்போது நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடிகின்றன. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இடமும் வெயிலும் பொறுமையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேறு அள்ள ஆளும் இருந்தால் போதும். சிற்றூர்களுக்கு இதைவிட மலிவான வழி அரிது.

ஆனால் இக்குட்டை செரிப்பது அழுகக்கூடியதை மட்டுமே. இதைக் கொங்கு நாடு கற்ற இடம் ஒரத்துப்பாளையம். சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட அவ்வூரில், நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்துக்காக அணை எழுந்தது. அதே காலத்தில் மேலே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்க, உப்பு நீரோடு வெளியேறி ஆற்றில் இறங்கியது. அணை, யாரும் திட்டமிடாத மாபெரும் கழிவுநீர்க் குட்டையாயிற்று. அங்கும் வெயில் இருந்தது, காலமும் இருந்தது. ஆனால் உப்பைத் தின்னும் பாசி இல்லை. வெயில் நீரை மட்டும் கொண்டுபோக, தங்கிய உப்பு மேலும் அடர்ந்தது. சுற்றுப்புறக் கிணறுகள் கரித்தன; வயல்கள் பாழாயின. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் நீர் தேங்கவே கூடாது என்று உழவர்களே முறையிடும் நிலை வந்தது.

அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை சாய ஆலைகள் செலுத்த வேண்டும் என்றது. ஆற்றையும் அணையையும் தூய்மைப்படுத்தும் செலவு மாசுபடுத்தியவர்களையே சேரும் என்பதை 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. எனினும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டும்வரை ஆலைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. கூலியை நம்பியிருந்தோர் ஊர் திரும்பினர். அதன்பின் சவ்வூடு வடிகட்டலும் கொதிகலன்களும் கொண்டு நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. குளம் செய்ய முடியாததைப் பெருஞ்செலவில் இயந்திரம் செய்கிறது.

கொங்கு நாட்டின் சிற்றூர்களில் குடியிருப்பும் பட்டறையும் ஒரே தெருவில் இருப்பது வழக்கம். வீட்டுச் சாக்கடைக்குக் குட்டை வெட்டுவது நல்ல யோசனைதான். வெட்டும் முன்பு, அதற்குள் வரும் ஒவ்வொரு வாய்க்காலும் எந்த வாசலில் தொடங்குகிறது என்று நடந்து பார்க்க ஊரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப் பொறியாளர்கள் இருந்தார்கள். அந்த ஒருவர்தான் இல்லாமல் போனார்.