மத்தவிலாசமும் சமய நம்பிக்கையும்

எள்ளல் நூல் ஒருவன் கொண்ட சமயக் கொள்கையை அசைக்க வல்லதோ என்னும் வினாவிற்கு, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் தக்கதொரு சான்றாம். 1917இல் கணபதி சாஸ்திரியார் இதனைத் திருவனந்தபுரத்தில் அச்சிட்டனர்.

காஞ்சியிலே கட்குடித்து மயங்கிய சத்தியசோமன் என்னும் காபாலிகன், தன் கபாலத்தை இழந்து, நாகசேனன் என்னும் புத்தத் துறவியைக் கள்வனெனப் பற்றுகின்றான், பாசுபதனொருவன் நடுநிற்கின்றான், கவர்ந்து சென்றதோ ஒரு நாய்! கள்ளையும் மகளிரையும் விலக்காத மூலநூலை மூத்தோர் மறைத்தனர்போலும் என அத்துறவி எண்ணுமிடம் நகைப்பிற்குரியதே. ஆயினும் நாம் ஆராய்தற்குரியது வேறோரிடம். காரியம் காரணத்தை ஒக்குமென்னும் சமணர், துன்பமாகிய நோன்பினின்று இன்பமாகிய வீடு விளையுமென்றல் முரணென்று காபாலிகன் வாதிடுகின்றான். வாதம் கூரியது, வாதிப்பவனோ தள்ளாடுபவன். ஆகவே அதனைக் கொள்வதும் தள்ளுவதும் அவையோர் பொறுப்பாயின. அகப்புறச் சமயத்தாரை அரசன் இகழ்ந்தானென்று நம்மனோர் வெகுளல் வேண்டா. எள்ளப்பட்டது ஒழுக்கக்கேடேயன்றிச் சிவபரம்பொருள் அன்று.

பயன் விளைந்ததோ? பெரியபுராணம் கூறும் பல்லவன் இவனே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அங்ஙனமாயின் இவன் சமணம் நீத்தது நகையாலன்று. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அப்பரடிகளை வெல்லமாட்டாமை கண்டேயாம். நாடகத்தின் பின்னைநிலையோ இதனினும் வியப்பு. வடகேரளக் கோயில்களில், மகப்பேறு வேண்டுவோர் நேர்ந்துகொள்ளச் சாக்கியர் இதனை நடிக்கும் மரபு உண்டு. ஆண்டு அக்காபாலியைச் சிவமாகவே கண்டு கைகூப்புகின்றனர்.