ஒரு வகுப்புக்கு ஒருத்தி

ஆண்களுக்கென்றே நடந்த வைத்தியக் கல்லூரிகள் பெண்களை வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்திருந்த காலத்தில், மேரி ஸக்ரஷெவ்ஸ்கா என்ற பெண் வைத்தியர், பெண்களின் பிணியைப் பெண்களே பார்க்கவும், வைத்தியத் தொழிலைப் பெண்கள் தடையின்றிப் பயிலவும் ஓர் இடம் வேண்டும் என்ற உறுதியோடு, 1862-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து அங்கே தாதியர் பயிற்சியும் முறையாக ஏற்பட்டது. அமெரிக்காவில் முறையான பயிற்சி பெற்ற முதல் தாதி என்று போற்றப்படும் லிண்டா ரிச்சர்ட்ஸ் 1873-இல் சான்றிதழ் பெற்றது அந்தப் பள்ளியில்தான். இத்தனை பெருமை வாய்ந்த அந்த இடத்திலும், வகுப்பு ஒன்றுக்கு ஒரு கறுப்பினப் பெண், ஒரு யூதப் பெண் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். பிறரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்ட பிறகு, தம் வாசலில் தாமும் ஆள் எண்ணத் தொடங்கியதை நினைக்கையில் மனம் வருந்துகிறது. ஆயினும் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்: மற்றப் பள்ளிகள் அந்த ஒருத்தியையும் சேர்க்கவில்லை.

அந்த ஒருத்தியாக நுழைந்தவர் மேரி எலிசா மஹோனி. 1845-இல் பிறந்த அவர், அதே ஆஸ்பத்திரியில் சமையற்காரியாகவும், துணி வெளுப்பவராகவும், தரை துடைப்பவராகவும், தாதியருக்குக் கையாளாகவும் ஏறக்குறைய 15 ஆண்டுகள் உழைத்த பிற்பாடு, தம்முடைய 33-ஆவது வயதில், 1878-இல், மாணவியாகச் சேர்க்கப்பட்டார். நாளொன்றுக்குப் 16 மணி நேரமாகப் 16 மாதங்கள் நீடித்த அந்தக் கடும் பயிற்சியில், உடன் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் இடையிலேயே விலகிவிட, இறுதிவரை நின்று 1879-இல் சான்றிதழ் பெற்ற நால்வரில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்த முதல் கறுப்பினத் தாதி என்ற பெயர் அவருக்கு இவ்வாறு வந்தது.

பெயர் வந்ததேயன்றி, அதற்குரிய மரியாதை உடன் வரவில்லை. அக்காலத்தில் பயிற்சி பெற்ற தாதியர் பெரும்பாலும் செல்வர்களின் வீடுகளுக்குச் சென்று தங்கியே நோயாளிகளைப் பார்த்து வந்தனர். அவ்வீடுகளில் கறுப்பினத் தாதி ஒருத்தி வந்தால், நோயாளியைக் கவனித்த கையோடு பாத்திரமும் துலக்கிவிட்டுப் போவாள் என்று எதிர்பார்ப்பவர்கள் இருந்தார்கள். வேலைக்காரர்களில் ஒருவராகத் தாம் எண்ணப்படுவதை ஏற்காத மஹோனி, அவர்களோடு பந்தியில் அமராமல், சமையலறையில் தனித்தே உண்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். உழைப்பாளிகளை அவர் இழிவாகக் கருதினார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 15 ஆண்டுகள் அந்த வேலைகளையே செய்தவர் அவர். கற்ற வித்தைக்கு உரிய இடத்தை யாரும் எடுத்துக் கொடுக்காதபோது, அவர் தாமாகவே ஒரு கோடு கிழித்துக்கொண்டார். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில், வயதில் எவ்வளவு மூத்த நோயாளியும் தம் பேத்தி வயதுத் தாதியைச் ‘சிஸ்டர்’ என்று வாய் நிறைய அழைப்பதைத் தினமும் கேட்கிறோம். அமெரிக்கத் தென் மாநிலங்களிலோ, வெள்ளைத் தாதிக்குத் தானாகக் கிடைத்த ‘மிஸ்’ என்ற மரியாதைச் சொல்லைக் கறுப்பினத் தாதியின் பெயருக்கு முன் வைக்க வெள்ளையரின் நாக்கு எழவில்லை.

வெள்ளையர் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால், கறுப்பின மக்களுக்கெனத் தனிப் பள்ளிகள் ஏற்பட நேர்ந்தது. 1886-இல் அட்லாண்டாவில் ஸ்பெல்மன் கல்விச்சாலையில் ஒரு பயிற்சி வகுப்பு தோன்றியது. சிகாகோவில் எம்மா ரெனால்ட்ஸ் என்ற இளம்பெண்ணை அவ்வூர்ப் பள்ளிகள் சேர்க்க மறுத்தபோது, பாதிரியாராக இருந்த அவருடைய சகோதரர் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸிடம் முறையிட, அந்த முறையீட்டின் பயனாக 1891-இல் பிராவிடன்ட் ஆஸ்பத்திரியும் அதனோடு தாதியர் பள்ளியும் எழுந்தன. இப்படித் தோன்றியவை எல்லாம் நன்றாக நடந்தன என்று சொல்லிவிட முடியாது. பொருளில்லாத சிறு ஆஸ்பத்திரிகள் பல, மாணவியரை வெளி வீடுகளுக்கு நோய் பார்க்க அனுப்பி, அவர்கள் ஈட்டிய பணத்தால் தம் செலவைச் சமாளித்தன. படிக்க வந்த பெண் உழைத்துத் தேய்ந்தாள். பிற்பாடு, அவளுடைய படிப்புக் குறைவுபட்டது என்று காரணம் காட்டி அவளை ஒதுக்கினார்கள். துவேஷம் இவ்வாறு தனக்கு வேண்டிய சாட்சியத்தைத் தானே தயாரித்துக்கொண்டது.

1908-ஆம் ஆண்டில், கனெக்டிகட்டைச் சேர்ந்த மார்த்தா பிராங்க்ளின் என்ற தாதி, நாடெங்கும் இருந்த தம் இனத் தாதியருக்கு 1500 கடிதங்களை அனுப்பி, ஒன்று கூடுவோம் என்று அழைத்தார். நியூயார்க்கில் கூடியவர்கள் 52 பேர். அவர்கள் அமைத்ததே கறுப்பினப் பட்டதாரித் தாதியரின் தேசிய சங்கம். மறு ஆண்டு பாஸ்டனில் நடந்த அதன் முதல் மகாநாட்டில், அறுபதைக் கடந்துவிட்ட மஹோனியே வரவேற்புரை நிகழ்த்தினார். இத்தகைய தனிச் சங்கத்தின் அவசியம் சில ஆண்டுகளில் இன்னும் தெளிவாயிற்று. அமெரிக்கத் தாதியர் சங்கம் தன் அங்கத்தினர்களை மாநிலச் சங்கங்களின் வழியாகவே சேர்ப்பது என்று 1916-இல் விதி செய்துகொண்டது. தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே, நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்த விதி, ஆயிரக்கணக்கானவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

முதல் உலக யுத்தத்தின்போது, சமாதானம் ஏற்படும் தறுவாயில் விஷக்காய்ச்சல் முகாம்களைச் சூறையாடிய பின்னரே, 18 கறுப்பினத் தாதியர் ஒஹாயோவிலும் இல்லினாயிலும் இருந்த முகாம்களில் பணிசெய்ய அனுமதிக்கப்பட்டனர். இரண்டாம் யுத்தம் நெருங்கியபோது சைனியம் சற்றே முன்னேறி, 1941 ஜனவரியில், 56 பேரைச் சேர்ப்பதாக அறிவித்தது. அவர்களும் கறுப்பினச் சிப்பாய்கள் படுத்திருக்கும் பகுதிகளில் மட்டுமே பணிபுரிய வேண்டும். கடற்படையோ ஒருவரையும் எடுக்கவில்லை.

இந்த 56 என்ற எண்ணை எதிர்த்து நின்றவர் மேபல் ஸ்டாப்பர்ஸ். பார்படோஸ் தீவில் பிறந்து, சிறுமியாக நியூயார்க்கிற்கு வந்து, வாஷிங்டன் பிரீட்மன்ஸ் ஆஸ்பத்திரியில் பயின்ற அவர், 1934 முதல் தேசிய சங்கத்தின் காரியதரிசியாக இருந்தார். கொள்கை பேசிக் காலம் கழிக்காமல், எங்கே அழுத்தினால் கதவு திறக்கும் என்று பொறுமையாகத் தேடியவர் என்பதால், இந்தச் சரித்திரத்தில் என் மதிப்பில் மிக உயர்ந்து நிற்பவர் அவரே. சைனியம் வரம்பைச் சிறிது சிறிதாக உயர்த்தியது. ஆனால் சேர்க்கப்பட்டவர்களில் பலரை அமெரிக்க மண்ணிலும் இங்கிலாந்திலும் ஜெர்மானிய யுத்தக் கைதிகளுக்குச் சுசுரூஷை செய்ய அனுப்பியது. தம் நாட்டு வெள்ளைச் சிப்பாயைத் தொடக் கூடாத கைகள், சத்துருவின் சிப்பாயைத் தொடலாம் என்பது சைனியத்தின் தர்மமாயிருந்தது! 1944 நவம்பரில் ஜனாதிபதியின் மனைவியான எலினோர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்த ஸ்டாப்பர்ஸ், இந்த நிலையை அவர் முன் விரிவாக எடுத்து வைத்தார்.

1945 ஜனவரியில் சந்தர்ப்பம் தானே வந்தது. தாதியர் போதவில்லை, கட்டாயச் சட்டம் போட்டே ஆள் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சைனிய வைத்தியத் தலைவர் நார்மன் கிர்க் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் பேசியபோது, ஸ்டாப்பர்ஸ் எழுந்து, பதிவு பெற்ற கறுப்பினத் தாதியர் சுமார் 9000 பேர் இருக்க, சைனியம் எடுத்திருப்பது 247 பேரை, கடற்படை எவரையும் எடுக்கவில்லை; நிலைமை அவ்வளவு நெருக்கடியானால் இவர்களை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டார். கேள்வி பத்திரிகைகளில் பரவியது. வாஷிங்டனுக்குத் தந்திகள் குவிந்தன. அந்த மாதம் முடிவதற்குள் சைனியமும் கடற்படையும் நிறம் பாராமல் தாதியரைச் சேர்ப்பதாக அறிவித்தன. மார்ச் மாதத்தில் பிலிஸ் மே டெய்லி கடற்படையின் முதல் கறுப்பினத் தாதியானார்.

1948-இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், மாநிலச் சங்கத்தால் மறுக்கப்பட்டவர்கள் நேரடியாகவே அங்கத்தினராகலாம் என்று வழிவிட்டது. இனித் தனிச் சங்கம் வேண்டாம் என்று தீர்மானித்த கறுப்பினத் தாதியர், 1951-இல் தம் சங்கத்தைத் தாமே கலைத்தனர்.

பள்ளியின் கதவு திறந்த பிறகும், பாடப்புத்தகத்தில் பழைய எண்ணம் தங்கியிருந்தது. 2017-இல் பியர்சன் பதிப்பகத்தின் தாதியர் பாடநூல் ஒன்றில், யூதர், கறுப்பினத்தவர், முஸ்லிம்கள் என்று வகை பிரித்து, இன்னின்னார் வலியை இப்படி இப்படி வெளிப்படுத்துவார்கள் என்று ஒரு பட்டியல் இருந்ததை வாசகர்கள் சுட்டிக்காட்ட, பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு அப்பக்கத்தை நீக்கியது. வலியால் துடிப்பவள் வாய் திறந்து சொல்லுமுன்பே, அவள் வலிக்கு எவ்வளவு தள்ளுபடி என்று மாணவிக்குக் கற்பிக்கும் பட்டியல் அது. 2022-இல், அமெரிக்கத் தாதியர் சங்கம், கறுப்பினத் தாதியரைப் பல பத்தாண்டுகள் திட்டமிட்டே விலக்கி வைத்தது தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டு, பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. 1908-இல் நியூயார்க்கில் கூடிய 52 பேரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை.