பியூரி என்னும் பொன்மஞ்சள்

மஞ்சளும் மாவிலையும் இன்றி நம் இல்லங்களில் எந்த மங்கலமும் தொடங்குவதில்லை. நாம் குடியேறி வாழும் இம்மாநகரின் சந்தையிலோ, கல்கத்தா என்று அது வழங்கிய நாளில், மாவிலையினின்று பிறந்த மஞ்சள் ஒன்று விலைபோயிற்று. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

பியூரி என்பது அதன் பெயர். இராஜபுத்திர, பஹாரி ஓவியர்கள் அதனைக் கையாண்டனர். இலண்டன் வணிகர் ‘இந்திய மஞ்சள்’ என்றழைத்தனர். டர்னர் போன்ற பேரோவியரும் அதனை விரும்பினர். ஆயினும் அது எதிலிருந்து கிடைக்கிறது என்பதை மேனாட்டார் அறிந்திலர். தாவரச் சாறு என்றனர் சிலர். ஒட்டகத்தின் சிறுநீர் என்றனர் வேறு சிலர்.

கியூ தாவரவியல் தோட்டத் தலைவர் ஜோசப் ஹூக்கர் இதுபற்றி வினவினார். விடை தேடிப் புறப்பட்டவர் திரைலோக்யநாத் முகோபாத்யாயர் (1847–1919). நகைச்சுவைக் கதைகளால் வங்க இலக்கியத்தில் நிலைபெற்ற இவர், பின்னாளில் நம் நகரின் இந்திய அருங்காட்சியகத்திலும் பணியாற்றியவர். பீகாரில் முங்கேர் நகரை அடுத்த மிர்சாப்பூருக்குச் சென்று, தாம் கண்டதை 1883-இல் எழுதியனுப்பினார்.

அங்கே சில ஆயர்கள் பசுக்களுக்கு மாவிலையும் நீருமே அளித்து, அவற்றின் சிறுநீரைக் கலங்களில் சேர்த்தனர். அதனைக் காய்ச்சி வடிகட்டி, படிந்த மஞ்சளை உருண்டையாக்கிக் கரிநெருப்பிலும் வெயிலிலும் உலர்த்தினர். ஒரு பசு ஒரு நாளில் தரும் மூன்று குவார்ட்டு (சுமார் 3½ லிட்டர்) நீரில் இரண்டு அவுன்சு பியூரியே தேறியது. பசுக்கள் நலிந்து காணப்பட்டன. வேறு தீனி கொடுத்தால் அவை தேறும். ஆனால் வண்ணம் குறையும். ஓவியத்தின் ஒளிக்கு வாயில்லா ஜீவன் கொடுத்த விலை இது என்பதை நாம் மறைக்கலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியூரி சந்தையினின்று மறைந்தது. இன்று அப்பெயர் தாங்கிக் கடைகளில் விற்பது வேறு இரசாயனப் பொருளே. காலம் செல்லச் செல்ல, முகோபாத்யாயர் ஒருவரையன்றி வேறு சாட்சி இல்லையே என்ற ஐயம் எழுந்தது. 2002-இல் வெளிவந்த நூலில் விக்டோரியா ஃபின்லே, மிர்சாப்பூரில் இத்தொழிலை நினைவுகூர்வார் எவரையும் காணவில்லை என்று எழுதி, அக்கூற்றையே ஐயுற்றார்.

நல்வினைப் பயனாக, முகோபாத்யாயர் கடிதத்தோடு நில்லாமல் பியூரி உருண்டைகளையும் ஹூக்கருக்கு அனுப்பியிருந்தார். கியூவில் காக்கப்பட்ட அவற்றை அறிஞர்கள் ஆராய்ந்து 2019-இல் முடிவினை வெளியிட்டனர். இந்திய மஞ்சளுக்கே உரிய யூசாந்திக் அமிலத்தோடு, தழையுண்ணும் விலங்கின் சிறுநீருக்கு அடையாளமான ஹிப்யூரிக் அமிலமும் அவற்றில் இருந்தது. நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வங்காளியின் வாய்மை நிலைநாட்டப்பட்டது.

ஊரார் மறந்ததை ஓர் உருண்டை காத்தது. நம் மூதாட்டியர் அறிந்த சாயங்களும் கலவைகளும் கைப்பக்குவங்களும் எத்தனை! பிறந்த மண்ணை விட்டு வந்த நம் குடும்பங்களில் அவை மறையுமுன் கேட்டு எழுதி வைப்போமாக. பொருளையும் உடன் பேணுவோமாக.