அருங்காட்சியகத்து உரையாசிரியர்

மியூசியம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பெயர்கள் பல. பொருட்காட்சிசாலை, காட்சிச்சாலை, அருங்காட்சியகம் என்பன தமிழக வழக்கு. ஈழத் தமிழர் நூதனசாலை என்பர். இவை கற்றோர் ஆக்கிய பெயர்கள். பொதுமக்கள் தாமே இட்ட பெயரொன்றும் உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தைப் பழைய சென்னை மக்கள் செத்த காலேஜ் என்றனர்; உயிர்விலங்குகளைக் கூண்டில் வைத்துக் காட்டிய இடத்தை உயிர் காலேஜ் என்றனர். இப்பெயர்களைக் கேட்டு நகுவார் உளர். யாம் நகுவதற்கில்லை. பாடம் செய்த விலங்கையும் உயிருள்ள விலங்கையும் வேறு பிரித்த அம்மக்கள், இரண்டிடத்தையும் கல்வி தரும் இடமென்றே கொண்டனர் என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. கல்லூரி எனின் ஆசிரியர் வேண்டுமன்றோ? அவ்வாசிரியர் யாவர், அவர் எவ்வாறு பயிற்றப்பெற்றார், பல திறத்தாரும் வந்து நிற்கும் அவையில் அவர் எங்ஙனம் உரைத்தல் வேண்டும் என்பனவே ஈண்டு யாம் ஆராயப் புகுவன. சென்னையில் தொடங்கிய இவ்வரலாறு ஒரு சிற்றூராரிடம் வந்து சேரும்போதுதான் அதன் நிறைகுறை புலப்படும். ஆதலின், திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியை அடுத்த கீரனூரை எல்லையாகக் கொள்கின்றோம்.

காலேஜ் என்னும் பெயர் வந்தமைக்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. 1851ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றபோது, அது குடிபுகுந்தது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் எழுந்த அக்கல்லூரி, கும்பினி அலுவலுக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்க்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பித்தது. தாண்டவராய முதலியார் அங்குத் தலைமைத் தமிழ்ப்புலவராய் விளங்கினார். 1826இல் வெளிவந்த அவருடைய பஞ்சதந்திர உரைநடை அத்தகைய மாணாக்கர்க்குப் பயன்படும் பொருட்டு எழுந்தது. இங்குச் சற்றே நின்று நோக்குதல் தகும். நிகண்டும் நன்னூலும் நெட்டுருச் செய்து வந்த மாணாக்கரையே கண்டு பழகியவர் நம் புலவர். அரிச்சுவடியும் அறியாது கடல்கடந்து வந்த ஒருவன் முன்னே அமர்ந்தபோது, பழைய பாடமுறை அவருக்கு உதவவில்லை, நடையை மாற்றிக்கொண்டார். கேட்போர் மாறவே உரையும் மாறிற்று. தமிழ் உரைநடை வளர்ச்சியில் அம்மாற்றத்திற்குத் தனியிடம் உண்டு. அக்கல்லூரியின் கட்டடத்தைப் பெற்ற அருங்காட்சியகம், அங்கு வளர்ந்த இக்கலையைப் பெறவில்லை என்பதே எம் கருத்து.

அருங்காட்சியகத்தின் முதற்பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். பொதுமக்கள் வரவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. 1854இல் எழும்பூர்ப் பாந்தியன் வளாகத்திற்கு இடம் மாறியபின் உயிர்விலங்குகளையும் அங்கு வைத்தார், கூட்டம் பெருகிற்று. 1863இல் அவ்விலங்குகள் மக்கள் பூங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1885 முதல் 1908 வரை தலைமை பூண்ட எட்கர் தர்ஸ்டன் காலத்தில், கோஷாப் பெண்டிர் தடையின்றிக் காணுமாறு அவர்கட்கென ஒரு நாளை ஒதுக்கும் வழக்கம் இருந்தது. இது பாராட்டுக்குரியதே. ஆயினும், வாயிலைத் திறத்தல் வேறு, வந்தவர்க்கு உரைத்தல் வேறு. அதே தர்ஸ்டன், அருங்காட்சியகத்தில் மனித உடலளவை ஆய்வும் நடத்தினார்; காண வந்தவர் சிலருடைய மூக்கும் தலையும் அங்கே அளக்கப்பட்டன. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெருநூலுக்கு அவ்வளவைகளும் துணையாயின. காண வந்தவரே காட்சிப்பொருளான விந்தை இது. வருவோரைப் பற்றிய அறிவு அந்நாளில் இல்லாமலில்லை. அவ்வறிவு அவர்க்கு உரைப்பதற்குப் பயன்படவில்லை என்பதே குறை.

இனி, கேட்போர் இயல்பறிந்து உரைத்தல் என்னும் கருத்து மேனாட்டிலிருந்து வந்ததாகக் கருதுவார் கருத்தைச் சிறிது ஆராய்வாம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார் தம் நன்னூற் பொதுப்பாயிரத்தில், நூலினது இயல்போடு நிறுத்தாது, ஆசிரியன் இயல்பு, மாணாக்கன் இயல்பு, கற்பிக்கும் முறை என அனைத்தையும் வகுத்துரைத்தார். கற்பிப்போன் தன் மாணாக்கன் எவ்வகையால் ஏற்பான் என்பதைத் தெரிந்து, அவன் உள்ளத்தில் படியுமாறு உரைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. அதனோடு நில்லாது, மாணாக்கராதற்குத் தகாதார் இவரெனவும் ஒரு பட்டியல் தந்தார். நோயுடையாரும் அறிவு மந்தமானவரும் அதில் இடம்பெறுகின்றனர்.

இவ்விடத்தில்தான் அருங்காட்சியகத்து உரையாசிரியர் இலக்கண ஆசிரியரினின்றும் வேறுபடுகின்றார். பவணந்தியாரின் ஆசிரியன் தன் மாணாக்கனைத் தேர்ந்துகொள்ளலாம்; தகாதாரை விலக்கலாம். அருங்காட்சியக விளக்குநர்க்கு அவ்வுரிமை இல்லை. நுழைவுச்சீட்டுப் பெற்று வந்தவர் எவரோ அவரே அவர் மாணாக்கர். அவரைத் தலை, இடை, கடை எனத் தரம்பிரிக்கவும் ஆகாது. காணும் பொங்கலன்று எழும்பூரில் திரளும் கூட்டத்தில் எவரை ஓட்டைக்குடம் என்று ஒதுக்குவது? நன்னூலின் முற்பகுதியை விளக்குநர்க்குப் பாடமாக வைக்கலாம். பிற்பகுதியை எச்சரிக்கையாக வைக்கலாம்.

பிறநாட்டு வரலாற்றை விரைந்து கூறிக் கடக்கின்றோம். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907இல் டோசென்ட் என்னும் பெயரால் விளக்குநரை அமர்த்தியது. இந்திய அருங்காட்சியகங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் என்னும் இருவர் எழுதிய அறிக்கை 1936இல் வந்தது. 1952இல் பரோடாப் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் துறை தோன்றிற்று. அவ்வாண்டே யுனெஸ்கோவின் அருங்காட்சியகக் கல்விக் கருத்தரங்கு புரூக்ளினில் நடைபெற்றது. 1957இல் ஃபிரீமன் டில்டன் தம் நூலில், கேட்பவரின் வாழ்வோடு தொடர்புறாத விளக்கம் பயனற்றது என்றும், சிறுவர்க்குரிய விளக்கம் பெரியோர்க்குரியதன் சுருக்கமன்று, வேறொரு முறையைச் சார்ந்தது என்றும் வற்புறுத்தினார். நம் உரைமரபினர்க்கு இது புதிதன்று. காண்டிகையுரையை நீட்டினால் விருத்தியுரை ஆகிவிடாது என்பதை அவர் அறிவர்.

இக்கொள்கைகளைக் கையில் ஏந்திக் கீரனூருக்கு வருவோம். புதுக்கோட்டைப் பகுதியிலும் ஒரு கீரனூர் உண்டு. யாம் கூறுவது பழனியை அடுத்ததாகும். கீரன் என்பது சங்கப் புலவர் பலருடைய பெயரில் வருவது. பழனிக்குத் தென்மேற்கே மலையடியிலுள்ள பொருந்தல் என்னும் ஊர், பொருந்தில் இளங்கீரனார் என்னும் சங்கப்புலவரின் ஊராகக் கருதப்படுகிறது. இதனைக் கொண்டு அப்புலவரையும் கீரனூரையும் முடிச்சிட்டுக் கூற ஆசை எழும். ஆசை சான்றாகாது. விளக்குநர் பயிற்சியில் முதற்கண் கற்பிக்கவேண்டுவது இத்தகைய ஆசையை அடக்குதலே. ஊர்ப்பெருமையைக் கேட்டு மகிழ்வார் முன்னே சான்றில்லாத பெருமையைக் கூறுதல் மிக எளிது.

பொருந்தலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடியும், அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும் கிடைத்தன. அங்குக் கிடைத்த புரிமனையொன்றில் தமிழ்ப்பிராமி எழுத்துகள் காணப்பட்டன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கரிமக் கணிப்பால் பெறப்பட்டது. தமிழ்ப்பிராமியின் தொன்மையை இதனால் முன்தள்ளுவார் உளர். ஒன்றிரண்டு கணிப்புகளைக் கொண்டு முடிவுகூறல் கூடாது என்பாரும் உளர்.

இச்செய்தியை விளக்குநர் ஒருவர் கீரனூர் உழவர்க்கு எங்ஙனம் கூறுவார்? பெரும்பாலும் எழுத்தில் தொடங்குவார். அதுவே அறிஞர்க்குச் சிறப்பாகத் தோன்றியது. ஆனால் உழுது பயிரிடும் ஒருவர் கேட்கும் முதல் வினா நெல்லைப் பற்றியதாகவே இருக்கும். அஃது என்ன நெல், சம்பாவா, மட்டையா? இறந்தவர்க்கு விதைநெல்லை வைத்தனரா, உண்ணும் நெல்லை வைத்தனரா? இவ்வளவு காலம் மக்காதிருந்தது எங்ஙனம்? இவ்வினாக்கள் அறியாமையால் எழுவன அல்ல. அகழாய்வாளரே கேட்கத்தக்க வினாக்கள் அவை. இழவு வீட்டில் வாய்க்கரிசி இடும் வழக்கமுடைய ஒருவர்க்கு அச்சாடியின் பொருள், எழுத்தறிஞர்க்கு விளங்குவதினும் விரைந்து விளங்கக்கூடும். அருங்காட்சியகம் ஒன்றில் யாம் கண்டது வேறு. பள்ளிச் சிறுவர்க்குக் கூறிய அதே சொற்களை, அதே ஏற்ற இறக்கத்தோடு, அடுத்து வந்த முதியோர் இருவர்க்கும் விளக்குநர் ஒப்பித்தார். அம்முதியோர் கேட்க வாயெடுத்த வினா ஒப்புவித்தலின் இடையே மறைந்தது.

அறிவு வேறுபாட்டினும் அரியது உணர்ச்சி வேறுபாடு. முதுமக்கள் தாழியைக் கண்டு விலகி நிற்கும் கிராமப் பெண்டிரை யாம் அறிவோம். அவர்க்கு அஃது இழவுப்பொருள். குழந்தையை அதனருகில் விடார். இதனை மூடநம்பிக்கை என எள்ளி நகையாடும் விளக்குநர், அன்றே அவரை இழந்தவராவார். செப்புத்திருமேனியின் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புவார் வேறு சிலர். பழனித் தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் வரும் அடியார், கேரள நாட்டிலிருந்து வருவார் ஆகியோரிடை இக்காட்சி வியப்பன்று. விளக்குநர் அவரைத் தடுத்தலும் வேண்டா. தாமே பூசகராதலும் வேண்டா.

இதன் மறுபுறத்தையும் கூறுதல் கடன். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு முன்னர்க் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட ஒருவர், ஒரு கூத்தப்பெருமான் திருமேனியை முழ தொலைவில் நின்று காணக்கூடிய இடமாக அரசு அருங்காட்சியகம் இருந்தது. அவர் மரபினர் இன்று வந்து நிற்கும்போது, அத்திருமேனியின் வார்ப்பு முறையையும் சோழர் பெருமையையும் மட்டும் கூறி முடித்தல் நிறைவாகுமா? அதனை யார் வணங்கினர், யார் வணங்க விடப்படவில்லை என்பதும் அப்பொருளின் வரலாறே. அதனைக் கூறும் திறம் தானே வருவதன்று, பயின்று பெறவேண்டுவது.

கீரனூர் இசுலாமியர் மிக்கு வாழும் ஊர். அவ்வூரினரான நாவலாசிரியர் கீரனூர் ஜாகிர் ராஜா, மீன்காரத் தெரு முதலிய நாவல்களில், ஒரே சமயத்தார்க்குள்ளும் தெருவுக்குத் தெரு நிலவும் உயர்வுதாழ்வைக் காட்டியுள்ளார். இசுலாமியப் பார்வையாளர் என ஒரு சொல்லில் அடக்கிவிட எண்ணும் விளக்குநர் அவற்றைப் படித்தல் நன்று. அவ்வூர்ப் பள்ளிச் சிறுமியர் ஓர் அருங்காட்சியகத்திற்கு வந்தனர் எனக் கொள்வோம். விளக்குநர் தாழியைக் காட்டி, நம் முன்னோர் என்கின்றார். திருமேனியைக் காட்டி, நம் தெய்வம் என்கின்றார். ஈண்டு இலக்கணம் நமக்கு உதவுகின்றது. முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப்பன்மையும், உளப்படுத்தாத தன்மைப்பன்மையும் தமிழில் வேறு வேறு; நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் இன்றும் அவ்வேறுபாடு உண்டு. விளக்குநர் வாயில் வருவது நம் என்னும் சொல். ஆனால் கேட்கும் சிறுமிக்கு அஃது எங்கள் என்று ஒலிக்கின்றது. இலக்கணம் உளப்படுத்தியவளை உரை விலக்குகின்றது. தாழியில் நெல் வைத்தவர் அச்சிறுமிக்கும் முன்னோரே. அங்கே நம் என்பது முழுதும் பொருந்தும். திருமேனியின்முன் இதனை வணங்குவார் என்று படர்க்கையில் கூறுதலே தக்கது. அதனால் வணங்குவார்க்கும் குறைவொன்றுமில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் அரபுத்தமிழ் ஏடுகளும் காட்சியில் இடம்பெறுமாயின், அங்கே நம் என்று சொல்ல விளக்குநர்க்கு நாவெழவேண்டும். ஒரு சொல்லின் வேறுபாடு இது. பயிற்சியில் ஒரு நாள் முழுதும் இதற்கு ஒதுக்கலாம் என்போம்.

கண்பார்வையற்றோர்க்கெனப் புதுதில்லித் தேசிய அருங்காட்சியகம் 2015இல் தொட்டுணரும் காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தது; மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. படிவங்கள் செய்துவைத்தல் எளிது. விரலால் காண்பவர்க்கு எவ்விடத்தில் தொடங்கி எவ்வழியே விரலைச் செலுத்தச் சொல்வது என்பது கற்றுவரவேண்டிய கலை.

கீழடியில் 2023இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்திற்குத் திரளும் மக்களைக் கண்டோர், பழம்பொருளின்பால் தமிழர்க்குள்ள வேட்கையை ஐயுறார். ஆனால் மாவட்ட அருங்காட்சியகங்களில் காப்பாட்சியரே பெரும்பாலும் பதிவேடு எழுதி, பொருளைத் தூய்மை செய்து, கணக்கு முடித்து, வந்தவர்க்கு விளக்கமும் கூறவேண்டியவராகின்றார். பழனியில் அரசு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கு உரைக்க வருவார்க்குப் பயிற்சி சென்னையிலோ பரோடாவிலோ முடிந்துவிடுதல் கூடாது. ஒரு திங்களேனும் சுற்றியுள்ள ஊர்களில் தங்கி, அவ்வூரார் நெல்லையும் சாவையும் தெய்வத்தையும் எச்சொற்களால் பேசுகின்றனர் எனக் கேட்டல் வேண்டும். மலையாளம் சிறிது பேசக் கற்றல் வேண்டும். பார்வையாளர் கேட்ட வினாக்களை நாள்தோறும் எழுதிவைக்கும் ஏடு ஒன்று அவர் கையில் இருத்தல் வேண்டும். கீரனூரிலிருந்து வந்த பெண்ணொருவர் பொருந்தல் நெல்லின் வகை யாது என வினவினால், அறியேன் என்று கூறி, தம் வயலில் அவர் விதைப்பது எந்நெல் எனக் கேட்டு, அதனையும் அவ்வேட்டில் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளல் வேண்டும்.