90 மைலுக்கு அப்பால்

அமெரிக்காவில் ஓர் அறிவியல் மையத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியவர், வெளியூர் போனால் அங்கே இதே ஏற்பாட்டில் சேர்ந்த அறிவியல் மையத்துக்குள்ளும் காசில்லாமல் நுழையலாம். 1973-ல் உருவான அறிவியல் தொழில்நுட்ப மையங்களின் சங்கம் நடத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே பாஸ்போர்ட்தான். ஆனால் ஒரு நிபந்தனை. போகிற மையம் உங்கள் வீட்டிலிருந்தும், நீங்கள் சந்தா கட்டிய மையத்திலிருந்தும் 90 மைலுக்கு, அதாவது சுமார் 145 கிலோமீட்டருக்கு, அப்பால் இருக்க வேண்டும். சாலைத் தூரம் கணக்கில்லை. வரைபடத்தில் நேர்கோடு இழுத்து அளக்கும் தூரம். கவுன்ட்டரில் உறுப்பினர் அட்டையோடு முகவரி உள்ள ஓட்டுநர் உரிமத்தையும் காட்டச் சொல்வது இதனால்தான். பயணிக்குத் தரும் சலுகை என்று பார்த்தால் இது விசித்திரமான விதி. அட்டையின் பழைய கதையோடு சேர்த்துப் பார்த்தால் விசித்திரம் எதுவுமில்லை. மியூசியத்தின் ஆண்டு அட்டை உள்ளூர்க்காரருக்காகப் பிறந்தது. ஊர் சுற்றுபவர் கைக்கு அது பின்னால்தான் வந்தது; வந்தபோது ஊர் எல்லையையும் கூடவே கொண்டுவந்தது.

ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1786-ல் பிலடெல்ஃபியாவில் தம் வீட்டையே மியூசியமாக்கினார். பாடம் செய்த பறவைகள், விலங்குகள், சுவர் நெடுக அவரே தீட்டிய விடுதலைப் போர்த் தலைவர்களின் முகங்கள். ஒரு தடவை பார்க்கக் கால் டாலர். அரசு மானியத்துக்கு அவர் நடையாய் நடந்தும் பிழைப்பு டிக்கெட்டை நம்பித்தான் நடந்தது. அதனால் ஆண்டுச் சீட்டும் விற்றார். 1794-ம் ஆண்டுச் சந்தாதாரர் பட்டியலில் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயர் இருக்கிறது. அப்போது தலைநகரம் அங்கேதான், அதிபர் குடியிருந்ததும் அந்த ஊரில்தான். வழிப்போக்கர் ஒரு தடவை கால் டாலர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்துத் தெருக்காரர் திரும்பத் திரும்ப வருவார், விருந்தாளியையும் கூட்டிவருவார், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்பார். ஆண்டுச் சீட்டு அவரைக் குறிவைத்த ஏற்பாடு. ஆனாலும் பீல் வியாபாரம் தெரிந்தவர். 1801-ல் நியூயார்க் மாநிலத்துச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த, மாஸ்டடான் என்ற பழங்கால யானை போன்ற விலங்கின் எலும்புக்கூட்டைத் தனி அறையில் நிறுத்தி, அதைப் பார்க்கத் தனியாக அரை டாலர் வைத்தார். இன்றைய பாஸ்போர்ட்டும் பொது நுழைவுக்கு மட்டும்தான்; சிறப்புக் கண்காட்சி என்றால் தனிக் காசு. இருநூறு வருஷத்தில் அந்தச் சாமர்த்தியம் மாறவேயில்லை. ஐரோப்பாவில் கதை இன்னும் தெளிவு. பாரிஸின் லூவ்ர் மியூசியத்துக்கு நண்பர்கள் சங்கம் 1897-ல் தொடங்கியபோது லூவ்ருக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அது 1922-ல்தான் வந்தது. உறுப்பினர்கள் காசு கட்டியது கலைப்பொருள் வாங்கிக் கொடுக்க, உள்ளே போக அல்ல.

பயணத்துக்கு உதவும் அட்டை என்று இன்று பேர்பெற்றது நெதர்லாந்தின் மியூசியம்கார்ட். 1981-ல் ஆண்டு அட்டையாகத் தொடங்கி, இப்போது 400-க்கும் மேற்பட்ட இடங்களில் செல்லுகிறது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கும் வெளிநாட்டவர் சீக்கிரமே கணக்குப் போட்டுவிட்டார்கள்: நாலைந்து பெரிய மியூசியம் பார்த்தாலே அட்டையின் விலை தேறிவிடும். அதற்கும் கடிவாளம் வந்தது. கவுன்ட்டரில் கிடைப்பது தற்காலிக அட்டை. 31 நாள், ஐந்து நுழைவு. நிரந்தர அட்டை வேண்டுமென்றால் பதிவு செய்து, நெதர்லாந்து முகவரிக்குத் தபாலில் வரவழைக்க வேண்டும். அமெரிக்க அட்டை தன் ஊர்க்காரரை அருகில் விடாமல் தூரத்தில் விடுகிறது. டச்சு அட்டை தூரத்திலிருந்து வந்தவரை அளந்து விடுகிறது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: உன் வீடு எங்கே?

இதில் வரலாறு ஏது, வெறும் வரவு செலவுதானே என்று ஒருவர் சொல்லலாம். வரவு செலவுதான், மறுக்கவில்லை. நெதர்லாந்தில் அட்டைதாரர் நுழையும் ஒவ்வொரு தடவையும் அந்த மியூசியத்துக்கு, எல்லோர் சந்தாவும் சேரும் பொது நிதியிலிருந்து ஒரு பங்கு போகிறது. ஒரு வாரத்தில் பதினைந்து இடம் பார்த்துவிட்டு விமானம் ஏறுபவர், வருஷத்துக்கு நாலு தடவை வருபவரின் சந்தாவைத் தின்கிறார். அமெரிக்காவிலும், எங்கோ ஒரு சின்ன ஊர் மையத்தில் மலிவாகச் சந்தா கட்டிவிட்டுத் தன் நகரத்துப் பெரிய மையத்தில் இலவசமாக நுழைவதை 90 மைல் விதி தடுக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு நிற்பதே, பெரும்பாலோர் கொடுத்த காசுக்கு முழுதாகப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அந்தத் தாராளம் தன் ஊர் மியூசியத்தைத் தன்னுடையதாக நினைப்பவரிடம்தான் எதிர்பார்க்க முடியும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் எடுத்துவந்ததை வைத்துக்கொண்டு உள்ளூர், வெளியூர் என்று பிரிப்பது நியாயமா? அமராவதிச் சிற்பங்களில் பல 1859-ல் சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் போனவை. அவை இருக்கும் பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தது முதல், 1974-ல் மூன்று மாதம் தவிர, பொது நுழைவுக்குக் காசு வாங்கியதில்லை. சென்னைக்காரருக்கு அங்கே அட்டை வேண்டாம். (விசா வேண்டும், அது தனிக் கதை.) கஜானா செலவை ஏற்கும் இடத்தில் எல்லைக்கோடு தேவையில்லை என்பதற்கு இது சாட்சி. டிக்கெட்டை நம்பிப் பிழைக்கும் மியூசியத்திடம் அதே பெருந்தன்மையைக் கேட்பது, பீலிடம் மாஸ்டடானை இலவசமாகக் காட்டச் சொல்வதுபோல.

எல்லைக்கோட்டை அழிக்காமல் பெரிதாக வரைந்தவர்களும் இருக்கிறார்கள். மேல் ரைன் பகுதியில் 1999-ல் தொடங்கிய மியூசியம் பாஸ் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றிலும் ஒரு வருஷம் செல்லும். அதன் நடுவிலிருக்கும் அல்சாஸ் பகுதி, 1871-க்கும் 1945-க்கும் இடையில் நாலு தடவை நாடு மாறியது. வீட்டிலிருந்து இத்தனை மைல் என்ற பேச்சே அந்த அட்டையில் இல்லை. காலையில் பாசலில் ஹோல்பைன் ஓவியங்களைப் பார்த்தவர், அரை மணி நேரம் ரயிலில் போய் அல்சாஸின் மியூலூசில் இறங்கினால், அதே அட்டையை அங்கே பிரெஞ்சு பேசும் கவுன்ட்டரில் நீட்டலாம்.